நெஞ்சு கேட்ட தூரம்

1966-ஆம் வருடம் மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி முதல், நாவலங்குப்பத்துத் துலுக்காணத்தின் நெஞ்சு அடிப்பது ஒரு மைல் தூரம் கேட்கத் தொடங்கியது. அன்றைக்கு இறால் சுமாராகத்தான் பட்டது. பழவேற்காடு ஏரிக்குள் திட்டாகக் கிடந்த அந்தக் குப்பத்தில் எழுபத்திரண்டு குடிசைகள். எல்லாக் குடிசைக்கும் சத்தம் ஒரே மாதிரி கேட்டது. சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அவர் ஒரு தடவை அங்கே போய்ப் புழுதி தின்றுவிட்டு வந்தவர் என்பதால் ஊரும் நம்பியது. பிறகு துலுக்காணம் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனான். சத்தமும் பானைப் பக்கம் போயிற்று. அவன் திரும்பி வந்தான். அதுவும் திரும்பி வந்தது. விஷயம் அத்தோடு தெளிவாகிவிட்டது.

துலுக்காணத்துக்கு அப்போது நாற்பது வயது. அவனுக்கு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, வெட்கம் மட்டும்தான். ஆனால் அவன் மனைவி தாயாரம்மாளுக்கு மாமனார் ஞாபகம் வந்தது. துலுக்காணத்தின் அப்பா நாற்பத்திரண்டாவது வயதில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் கை கால் விழுந்து, மூன்றாம் நாள் போய்விட்டார். அண்ணனும் அதே நாற்பத்திரண்டில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வாய் கோணிச் சாய்ந்தான். காற்று அடித்துவிட்டது என்று குப்பத்தில் சொல்வார்கள். அந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. தாயாரம்மாள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டு வருடம் இருந்தது.

ஊருக்கு இருந்த கவலை வேறு. அந்த ஏரியில் எந்த நாளில் எந்தக் குடும்பத்தின் வலை எந்த இடத்தில் விழ வேண்டும் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். துலுக்காணம் இருந்த படகு அதன் பாட்டுக்குப் போய் வலை விரித்தால், சத்தம் கேட்டு மடவை மீனெல்லாம் துள்ளி ஓடின. கூட்டாளிகள் இரண்டு பாடு பொறுத்தார்கள். மூன்றாவது பாட்டில் அவனைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஏரியில் பிறந்தவனைக் கரையில் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது ஏரிக்காரர்களுக்குத்தான் தெரியும். அவன் ஒன்றரை மாதம் பிய்ந்த வலைகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தைக்க வலை இல்லாத நாளில் நல்ல வலையைப் பிரித்துத் தைத்தான்.

ஊர்த் தலைவர் அரசப்பன் மூளையுள்ள மனிதர். மடவையை வலைப்பக்கம் விரட்டுவதற்குப் படகின் விளிம்பைத் துடுப்பால் தட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு மைல் கேட்கிற சத்தம் கையில் இருக்கும்போது துடுப்பு எதற்கு என்று அவருக்குச் சித்திரை மாதத்தில் தோன்றியது. துலுக்காணத்தைத் தனிப் படகில் ஏற்றி ஏரியின் ஒரு ஓரத்தில் நிறுத்தினார்கள். மறு ஓரத்தில் வலையை விரித்தார்கள். அன்றைக்குக் கிடைத்த மீனைக் கரைசேர்க்க ஒன்பது நடை ஆயிற்று. அதற்குப் பிறகு துலுக்காணத்தின் நெஞ்சு துலுக்காணத்துடையதாக இல்லை, ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. எந்தக் குடும்பத்தின் பாடாக இருந்தாலும் அந்த வீட்டுப் படகு காலையில் வந்து அவனை அழைத்துப் போகும்.

நாற்பது வயதுவரை அவனை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. இப்போது மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம் நடந்தது. நல்ல கொழுத்த கருவாடாகப் பொறுக்கி அவன் வீட்டுக்கு அனுப்பினார்கள். பீடி கட்டுக் கட்டாக வந்தது. கோபம் வந்தால் சத்தம் இன்னும் அரை மைல் கூடுகிறது என்று கண்டுபிடித்தபின், வலை இறக்குவதற்கு முன் அவனைக் கோபப்படுத்துவதற்கென்றே அவன் மைத்துனன் சேகரை நியமித்தார்கள். சேகர் ஐந்து வாரம் திட்டிப் பார்த்தான். ஆறாவது வாரம், "இனிமே திட்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல மச்சான், மன்னிச்சுக்க" என்று அழுதுவிட்டான். அந்த அழுகையைப் பார்த்துத் துலுக்காணத்துக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கிடைத்த மீன் மாதிரி அந்த வருடம் வேறெப்போதும் கிடைக்கவில்லை.

ஆனி மாதத்தில் பழவேற்காட்டு நர்ஸ் சாராள் ஒரு பிரசவம் பார்ப்பதற்காகக் குப்பத்துக்கு வந்தார். படகில் பாதி தூரம் வரும்போதே அவருக்குச் சத்தம் கேட்டது. பிரசவம் நல்லபடியாக முடிந்ததும், பையிலிருந்த பாதரசப் பெட்டியை எடுத்துக்கொண்டு சத்தத்தைத் தேடிப் போனார். துலுக்காணத்தின் கையில் துணிப்பட்டையைக் கட்டிக் காற்றடித்தபோது பாதரசம் ஏறிக்கொண்டே போய் இருநூற்றுப் பத்தில் நின்றது. சாராள் இரண்டு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தார், இருநூற்றுப் பத்துதான். மாமனாரும் புருஷனுடைய அண்ணனும் போன கதையைத் தாயாரம்மாள் சொன்னாள்.

"ரத்தக் கொதிப்பும்மா. உங்க மாமனாரு, பெரியவரு ரெண்டு பேரையும் கொண்டுகினு போனது காத்து இல்ல, இதான்" என்றார். "இப்டியே உட்டா மூளையில நரம்பு வெடிச்சிரும். மொதல்ல உப்ப நிறுத்து. பொன்னேரி ஆஸ்பத்திரில மாத்திர தராங்கோ, இட்னு வா."

காற்றுக்கு முதல்முறையாகத் திசை தெரிந்ததில் தாயாரம்மாளுக்குத் துக்கமும் ஆறுதலும் சேர்ந்தே வந்தன. உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் கவிழ்த்தாள். அன்றிலிருந்து குழம்பில் ஒரு கல் உப்பு கிடையாது. துலுக்காணத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தட்டைத் தள்ளுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தொட்டுக்கொள்ள இரண்டு துண்டு கருவாடு கூடுதலாக வைத்தாள். மறுவாரம் மூன்று துண்டு. ஒரு மாதத்தில் சத்தம் இரண்டு மைலுக்குப் போயிற்று. மறுபடி வந்த சாராள், கூரைமேல் உப்புப் பூத்துக் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அரசப்பன் மனைவி எல்லம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுக்குப் புரியவில்லை.

"கருவாடு எப்டி நர்ஸம்மா உப்பாவும்? அது மீனாச்சே!"

பரம்பரை பரம்பரையாக உப்பில் புரட்டியெடுத்த மீனைக் குப்பத்தில் யாரும் உப்புக் கணக்கில் சேர்த்ததில்லை. தன் கையாலேயே புருஷனுக்கு உப்பை ஊட்டியிருக்கிறோம் என்று தெரிந்த அன்றைக்குத் தாயாரம்மாள் சாப்பிடவில்லை. மறுநாள் நேராக அரசப்பனிடம் போய், பொன்னேரிக்கு அழைத்துப் போகப் படகு வேண்டும் என்று கேட்டாள். அரசப்பன் அவளுக்குச் சின்ன மாமனார் முறை. கெட்டவர் இல்லை, ஊர்ச் சோற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர். "மடவை ஓட்டம் முடியட்டும்மா. தைக்கு மேல இட்னு போ. நல்லாத்தானே கீறான்? நல்லா கெட்டியா கேக்குது" என்றார். ஊரில் யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லார் வீட்டிலும் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

ஆவணி மாதம் ஒரு விடியற்காலையில் சாராள் பழவேற்காட்டிலிருந்து படகைக் கொண்டுவந்து துலுக்காணத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சத்தம் ஏரியைக் கடந்து போவது தெரிந்துவிடுமே என்று தாயாரம்மாள் கரையிலேயே காவல் நின்றாள். ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எட்டு மணிக்குத் தெரிந்தது. படகுக்காரர்கள் வந்து துலுக்காணத்தைக் கூப்பிட்டார்கள். அவர் பொன்னேரிக்குப் போயாகிவிட்டது என்றாள் தாயாரம்மாள்.

"இன்னாம்மா பேஜாரு பண்ற? நெஞ்சு கேக்குதே, ஆளு மட்டும் பூட்டானா?" என்றார் அரசப்பன்.

நெஞ்சு கேட்கத்தான் செய்தது. கொஞ்சம் மெல்லிசாக, ஆனால் சந்தேகமில்லாமல் கேட்டது. தாயாரம்மாளுக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. புருஷனை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறாள் என்று அரசப்பன் முன்னால் நடக்க, ஊரே தேடக் கிளம்பியது. முதல் குடிசைக்குள் நுழைந்தார்கள். சத்தம் அங்கேதான் இருந்தது, ஆள் இல்லை. அடுத்த குடிசைக்குப் போனார்கள். சத்தம் அங்கேயும் இருந்தது. நெல் குதிரைத் திறந்தார்கள், கவிழ்த்துவைத்த படகுகளைப் புரட்டினார்கள், கோழிக் கூண்டுக்குள்ளும் ஒருவர் எட்டிப் பார்த்தார். போகிற இடமெல்லாம் துலுக்காணம் இப்போதுதான் இருந்துவிட்டுப் போன மாதிரி கேட்டது. முப்பத்தோராவது குடிசையில் தாயாரம்மாள் குறுக்கே நின்றாள்.

"மாமா, நீங்க இங்கியே நில்லுங்க. மத்தவங்கல்லாம் அந்தாண்ட போங்க."

எல்லோரும் வெளியே போய் ஐம்பதடி தள்ளி நின்றார்கள். சத்தம் குடிசைக்குள்ளேயே இருந்தது. எல்லம்மா மட்டும் திரும்ப உள்ளே போய்த் தன் புருஷன் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "நம்ம ஊட்லியா..." என்றாள். ஆறு மாதமாகத் துலுக்காணத்தின் பெரிய சத்தத்துக்கு அடியில் இந்தச் சின்னச் சத்தம் யாருக்கும் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அரசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் தாயாரம்மாளுக்கு அவர்மேல் கோபம் நிற்கவில்லை.

அன்று மத்தியானமே அரசப்பனையும் படகேற்றிப் பொன்னேரிக்கு அனுப்பினார்கள். அவர் போன பிறகு ஊர் முழுக்கக் கரையில் வரிசையாக உட்கார்ந்து பேசாமல் காது கொடுத்தது. இன்னும் ஐந்து பேருடைய நெஞ்சு கேட்டது. அதில் இரண்டு பேர் பெண்கள். அந்த வாரமே பஞ்சாயத்துக் கூடி நான்கு முடிவு எடுத்தது. விற்கிற கருவாட்டுக்கு உப்பு வழக்கம்போல. வீட்டுக் கருவாட்டை மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் உலையில் போடக் கூடாது. வாரத்துக்கு ஒரு படகு, யார் பாடாக இருந்தாலும், பொன்னேரிக்கு மாத்திரை வாங்கப் போக வேண்டும். இனிமேல் யார் நெஞ்சையும் வைத்து மீன் விரட்டக் கூடாது. நான்காவதைச் சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த ஊரில் பாதரசப் பெட்டி வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், நெஞ்சு கேட்கிற தூரத்தைக் கயிறு போட்டு அளந்தார்கள். சாராள் தன் நோட்டில் ஒரு பக்கம் பாதரசமும் எதிர்ப்பக்கம் கயிறுமாக எழுதிவந்தார், இரண்டும் ஒத்துப்போயின. துலுக்காணம் கார்த்திகையில் அரை மைல், பங்குனியில் நூறடி, அடுத்த ஆவணியில் தன் குடிசைக்குள் மட்டும். மீன் பழைய அளவுக்கு வந்துவிட்டது. துடுப்புகளும் படகு விளிம்பைத் தட்டத் திரும்ப வந்தன. அடுப்புகள் சுமாராக எரிந்தன. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் கருவாடு மூன்று தண்ணீரில்தான் ஊறியது.

அரசப்பன் விஷயம் மட்டும் சரியாக வரவில்லை. மூன்று மாதத்தில் அவர் சத்தம் அடங்கிவிட்டது. "நின்னுதான் பூட்சே, அப்பறம் மாத்திர இன்னாத்துக்கு?" என்று இரண்டு வருடம் கழித்து ஒரு புரட்டாசிக் கடைசியில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். 1968 ஐப்பசியில் நான்கு நாள் புயல்மழை பெய்தது. மழைச் சத்தத்தில் யார் நெஞ்சும் யாருக்கும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பாட்டுச் சீட்டு எடுக்கும்போது, எடுத்த சீட்டோடு அவருடைய வலது கை விழுந்துவிட்டது. உயிர் தங்கியது, பேச்சு தங்கவில்லை. ஊர் அந்தச் சீட்டைச் செல்லும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவருக்கென்று ஒரு சீட்டுப் போட்டார்கள். அவர் பாட்டைச் சேகரும் மற்றவர்களும் முறை வைத்து வலித்து, மீனை எல்லம்மாவிடம் கொடுத்தார்கள். பேச்சுப் போன மனிதருக்குக் காது கூர்மையாகிவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை ஊர் காது கொடுத்து உட்காரும்போது எல்லோருக்கும் முன்னால் அவருடைய இடது கைதான் உயரும். அவர் கை காட்டியவர் மறுபேச்சு இல்லாமல் படகேறிப் பொன்னேரிக்குப் போவார். அப்படிக் காட்டியதில் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

துலுக்காணத்தின் நாற்பத்திரண்டாவது வயது அதே வருடம் வந்து, கருவாடு ஊறுகிற சமயத்தில், சத்தமில்லாமல் போயிற்று. பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்தன. குப்பத்திலிருந்து பதினெட்டுப் பேர் வேலைக்குப் போனார்கள், சேகரும் போனான். மெஷின் ஓடுகிற இடத்தில் நெஞ்சு கேட்காது என்பதால், ஷிஃப்ட் முடிந்ததும் அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் கம்பெனி வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தார்கள். மற்ற ஊர் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். ஆர்.கே. பேட்டையிலிருந்து வந்த ஃபிட்டர் ஒருவருடைய நெஞ்சு ஒரு நாள் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு மரத்தடியில் இடம் போதவில்லை.

1979 மாசியில் துலுக்காணத்துக்கு வயது ஐம்பத்துமூன்று. அந்தக் குடும்பத்தில் அந்த வயதை யாரும் பார்த்ததில்லை என்பதால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு அவன் பாடு. சாயங்காலம் தாயாரம்மாள் கரைக்கு வந்து, வலக்காதின் மேல் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டு, ஏரியைப் பார்த்து நின்றாள். தூரத்தில் அவன் படகு தெரிந்தது. தண்ணீர் அலம்பியது; நாரை ஒன்று கத்தியது. கொஞ்ச நேரம் நன்றாகக் காது கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சந்தோஷமாக உலை வைக்கப் போனாள்.