வைத்திரு, மாற்று

என் மனைவிக்குக் கண் தெரியாது. ஒரு பெரிய மருத்துவமனைக்கு வரும் போன்களை வீட்டிலிருந்தே எடுத்து, யாருக்கு எந்த டாக்டர், எத்தனை மணிக்கு என்று பதிந்து கொடுப்பது அவள் வேலை. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி.

வாயாடியை ஆறு வருஷமாக அவள் பழக்கியிருந்தாள். எவ்வளவு வேகமாகப் பேச வேண்டும், ‘மரு.’ என்று வந்தால் மருத்துவர் என்று சொல்ல வேண்டும், இப்படி நானூற்றுச் சொச்சம் பாடம். திங்கட்கிழமையிலிருந்து புதுப் பதிப்புதான் ஓடும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பழக்கியதெல்லாம் புதுசுக்கு வந்து சேராவிட்டால் அவளால் ஒரு போனுக்குக்கூடப் பதில் சொல்ல முடியாது.

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தோம். ஆபீஸ் கம்ப்யூட்டர்க்காரர் முன்னாலேயே போனில் வழி சொல்லியிருந்தார். பழைய அமைப்புகளை முதலில் பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள், பிறகு புதுசைப் போடுங்கள், எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தணும், நடுவில் குரல் நின்றுவிடும், கண் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்து படியுங்கள் என்றார்.

கண் எனக்கு நன்றாகத் தெரியும். படிப்பதுதான் வேறு விஷயம். நான் மூட்டை தூக்குகிறவன். நாற்பத்து மூன்று வயதில்தான், சங்க அலுவலகத்தில் நடந்த வகுப்பில், எழுத்து படித்தேன்.

அவள் நகல் எடுத்து, புதுசைப் போட்டதும் வாயாடி நின்றது. திரையில் ஒரு வரியும் அதன் கீழே இரண்டு கட்டமும் வந்தன. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்தேன். “உங்கள் பழைய அமைப்புகள் உள்ளன” என்று முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு கட்டத்தில் ‘வைத்திரு’. இன்னொன்றில் ‘மாற்று’.

எங்கள் கிடங்கில் ‘வை’ என்றால் இறக்கி அங்கேயே விட்டுவிடு. ‘மாத்து’ என்றால் இந்த லாரியில் இருப்பதை அந்த லாரிக்கு ஏற்று. இருபத்தெட்டு வருஷமாக என் முதுகுக்குத் தெரிந்த சொற்கள். அவளும் யோசித்தாள். மாத்தணும் என்றுதானே அவரும் சொன்னார் என்றாள். அழுத்தினேன்.

குரல் வந்தது. வாயாடி இல்லை, யாரோ தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பெண். மனைவி ஒரு பதிவைத் திறந்தாள். “மரு புள்ளி” என்றது அது. டாக்டர் எல்லாரும் முகத்தில் முளைக்கிற மரு ஆகிவிட்டார்கள். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்போம். கம்ப்யூட்டர்க்காரருக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை.

என்னென்ன போயிற்று என்று அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நான் முந்தாநாள் கிடங்கிலிருந்து அனுப்பிய செய்தியும் வந்தது. “இன்று இருநூறு முட்டை. முதகு வலி. சாபிடு” என்று படித்தது.

“பாத்தியா, என் எழுத்தையும் கெடுத்துடுச்சு. வாயாடி நல்லாத்தானே படிக்கும்?”

நான் என் போனை எடுத்து அந்தச் செய்தியைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. மெஷின் கெட்டதா, நான் கெட்டேனா?

“இது சரியாத்தாங்க படிக்குது,” என்றாள்.

வாயாடிக்கு அவள் சொல்லிக் கொடுத்ததில் அறுபதுக்கு மேல் என் பிழைகளாம். முட்டை என்று எழுதியிருந்தால் மூட்டை என்று படி. முதகு என்றால் முதுகு. நானோ, என் எழுத்தை மெஷினே தடுமாறாமல் படிக்கிறது என்று கிடங்கில் மார்தட்டியதோடு, இரண்டு பேருக்கு மனு வேறு எழுதிக் கொடுத்திருந்தேன்.

“அப்போ நிஜமான முட்டை வந்தா?”

“நோயாளிக்கு தினம் ஒரு மூட்டை கொடுக்கலாம்னு வாயாடி சொல்லும். நானே முட்டைன்னு புரிஞ்சுக்குவேன்.”

“உன் வேலைக்கு இடைஞ்சல் இல்லையா?”

“ஊரெல்லாம் மூட்டை தின்னா எனக்கென்ன? நீங்க முட்டை தூக்கக் கூடாது.”

எனக்குக் கோபப்படுவதா, என்ன செய்வது என்றே விளங்கவில்லை. அதற்குள் கம்ப்யூட்டர்க்காரர் கூப்பிட்டார். மாற்று என்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசை வைப்பது, வைத்திரு என்றால்தான் பழசு கூடவே வரும் என்றார்.

“நீங்கதானே தம்பி மாத்தணும்னு சொன்னீங்க?”

“சொன்னேன்தான் அண்ணே,” என்றார். பென்டிரைவில் இருந்த நகலைத் திரும்பப் போட வைத்தார். அதே வரி, அதே இரண்டு கட்டம் வந்தன. ‘வைத்திரு’ மேல் விரலை வைத்துவிட்டு நின்றேன். இதை அழுத்தினால் என் பிழைகளும் கூடவே ஏறிவிடும்.

“அழுத்துங்க,” என்றாள். அழுத்தினேன்.

“மருத்துவர்,” என்றது வாயாடி. மனைவி நாற்காலியில் சாய்ந்தாள். அந்த முட்டைப் பாடத்தை மட்டும் எடுத்துவிடு, இனி நான் சரியாக எழுதுவேன் என்றேன். அவளும் எடுத்துவிட்டாள்.

மறுநாள் அவள் போனுக்கு உட்கார்ந்த பிறகுதான் கிடங்குக்குக் கிளம்பினேன். சாப்பாட்டு வேளையில் போனை எடுத்து, மூவுக்குச் சுழி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்து எழுதினேன்: இன்று நூற்றெண்பது மூட்டை.

உடனே பதில் வந்தது: உடையாம கொண்டு வாங்க.

மறுபடி என் செய்தியைப் பார்த்தேன். சுழி இருந்தது. இருந்த மாதிரிதான் இருந்தது. மேஸ்திரி கூப்பிட்டார். போனை அவரிடம் காட்டி, இது முவா, மூவா என்று கேட்டேன்.