வெயிலடுப்பும் வைகாசி மாதத்து அரிசி மூட்டையும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. மதுரை சிம்மக்கல்லில் நான் ஏறிய அலங்காநல்லூர் டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களிடமிருந்து எடுத்தது. அவர்கள் எங்கிருந்து எடுத்தார்களோ தெரியாது.

“வைகாசி மாசத்துல சம்பந்தகாரரு அரிசி மூட்டையோட வந்து வாசல்ல நின்னாருடி. எல்லாம் அந்த வெயிலடுப்பு பண்ணுன வேலை” என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் பயந்து பிரேக் போட்டார். அவர்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். மீதிக் கதையைக் கேட்பதற்காகப் பின்னாலேயே பத்துப் பேர் இறங்கினார்கள்.*

நான் மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ரிட்டயரானவன். மீட்டர் இல்லாமல் ஓர் அடுப்பு எரிகிறது என்று கேள்விப்பட்டால் எனக்குச் சோறு இறங்காது. கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். ஆட்கள், பெயர், தெரு, சண்டை எல்லாம் என் கைச்சரக்கு.

* பத்துப் பேர் இல்லை. நான் ஒருவன்தான் இறங்கினேன். அதற்குள் அவர்களைக் காணோம். அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றேன்.

2.

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) “சூரியனே மனிதகுலத்தின் ஆதி அடுப்பு. அதன் எல்லையற்ற ஆற்றலை நாம்...” (நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்த மாதிரி இருக்கிறது.)

(ஆ) “சுருளி அந்தப் பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்ததும், அழகர் மலைக் குரங்குகள் அத்தனையும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டன.” இது எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம். வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரி, “பொத்துனதப் போயிப் பாத்தீகளாக்கும்?” என்றாள். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் இங்கே இருக்கிறது, பார்த்தீர்களா.

(இ) சுருளி சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்ப்பவன். வீடு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போனவன், அங்கே ஒரு கடையில் சூரிய அடுப்பைப் பார்த்தான். தகரப் பெட்டி, உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே கண்ணாடி, வெயிலை உள்ளே திருப்பிவிட மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. அரிசியும் தண்ணீரும் போட்டு வெயிலில் வைத்தால் சோறாகிவிடும். விறகு வேண்டாம், ஊதுகுழல் வேண்டாம், புகை இல்லை. தாளிப்பதற்கு மட்டும் மண்ணெண்ணெய் ஸ்டவ். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மனைவி ஜெயக்கொடி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைப்பதைத் தினமும் பார்க்கிறவன் அவன். வாங்கிவிட்டான்.

கடைக்காரர் இன்னும் கொஞ்சம் பேசினார். “இது சும்மா ஆரம்பந்தாண்ணே. இன்னும் கொஞ்ச வருஷத்துல பாருங்க, வீட்டுக் கூரை மேல கறுப்பா பலகை போட்டுருவாங்க. அது கரண்டு உண்டாக்கும். ஃபேன் ஓடும், லைட் எரியும். மிச்சத்த மின்சார ஆபீஸ்காரனே ஒங்க வாசல்ல நின்னு வாங்கிக்குவான்.”

இந்தப் பத்தியை அடித்துவிட்டேன். புளுகுக்கும் ஓர் அளவு உண்டு. குரங்கையாவது சேர்க்கலாம், எங்கள் ஆபீஸ் ஒருத்தன் வாசலில் நின்று கரண்டை வாங்குவதாக எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.

3.

ஜெயக்கொடியை முதலில் பயந்த பெண்ணாக எழுதினேன். பெட்டியைப் பார்த்து அலறினாள், சூடம் காட்டினாள், இப்படி. இரண்டு பக்கம் எழுதிய பிறகு அந்தப் பெண் என் பேனாவைப் பார்த்து, “ஏன் அலறணும்? தகரப் பெட்டிதான?” என்று கேட்பது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உள்ளபடி அவளுக்குப் பெட்டி பிடித்துவிட்டது. வாசல் முற்றத்தில் வைத்துவிட்டு, வெயில் நகர நகரப் பெட்டியைத் திருப்பிவைக்க வேண்டும். கோழி ஏறாமல் பார்க்க வேண்டும். அதற்காக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்திலேயே நிற்பாள். மாமியார் மலையம்மாள் முதல் நாள் நம்பாமல் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். மறுநாள், “பருப்பையும் வையி, பாப்போம்” என்றாள். அந்த வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை தெருவுக்குத்தான்.

4.

ஓட்டு வீட்டில் அடுப்பு எரிந்தால் ஓட்டு இடுக்கில் புகை கசியும். சோறாக்கும் நேரத்தில் தெருவைப் பார்த்தால் எந்த வீட்டில் இன்றைக்குச் சோறு என்று சொல்லிவிடலாம். புகை இல்லாத வீடு எந்த வீடு என்பதையும் சொல்லிவிடலாம்.

எதிர்வீட்டு ரெங்கம்மாள் நல்ல மனுஷி. (அவளை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

“மதினி, கருவாட்டுக் கொழம்பு கொஞ்சம் கூடப் போச்சு. மருமகளுக்கு ஊத்துங்க.”

“எங்க வீட்டுல கொழம்பு இல்லன்னு யாரு சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லல மதினி. ஓட்டுல பொகையக் காணோமேன்னு...”

“வெயில்ல வேகுதுடி. அந்தப் பெட்டியில.”

“சரி மதினி, சரி” என்றாள் ரெங்கம்மாள்.

நம்பியிருந்தால், எப்படி வேகும் என்று கேட்டிருப்பாள். ரெங்கம்மாள் கேட்கவில்லை. கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டாள். அந்தச் ‘சரி’யில் மலையம்மாளுக்கு மேலெல்லாம் கூசியது. பசியை மறைக்கிறவர்களிடம் சொல்கிற ‘சரி’ அது.

“ஏத்தா, நாளையிலருந்து நம்ம வீட்டு ஓட்டுலயும் பொகை வரணும்.”

“சோறுதான் வெளிய வெந்துருதே அத்தே. அடுப்புல என்னத்த வைக்க?”

“ஒண்ணும் வைக்காத. ஈர ஓலையப் போட்டாப் போதும், தெரு பூராப் பொகையும்.”

ஜெயக்கொடி பெட்டியோடு நிற்க வேண்டியிருந்ததால், மலையம்மாளே அடுப்படியில் உட்கார்ந்து ஓலையைத் திணித்தாள். வெளியே புகையில்லாமல் சோறு வெந்தது. உள்ளே சோறில்லாமல் புகை வந்தது. யாரைக் காப்பாற்ற அந்தப் பெட்டி வந்ததோ, அவளுக்குப் பதிலாக இப்போது மாமியார் இருமினாள்.

(இந்த இடத்தை எழுதும்போது நான் நாற்காலியோடு ஆடி ஆடிச் சிரித்தேன். எதற்குச் சொல்கிறேன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.)

5.

புகை வருவதற்கு முன்பே பேச்சு பஸ் ஏறிவிட்டது.

ரெங்கம்மாள் சொன்னது இவ்வளவுதான்: “பாவம், அந்த வீட்டு அடுப்புல பொகையே காணோம். அந்தப் புள்ள வெயில்ல நிக்குது.” இரண்டும் உண்மை. அதைக் கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு சிட்டிகை கூட்டினார்கள். அலங்காநல்லூர் பஸ் நிலையத்தில், வீட்டில் அரிசி இல்லை. மதுரையில், மருமகளுக்கு மட்டும் சோறு இல்லை. ஜெயக்கொடியின் பிறந்த ஊர் மேலூர்ப் பக்கம். மேலூர்ச் சந்தைக்குப் பேச்சு போய்ச் சேர்ந்தபோது, மாமியார்க்காரி அவளைப் பட்டினி போட்டு நடு வெயிலில் நிறுத்திவைத்திருந்தாள்.

நான் அதோடு விடவில்லை. “அவள் தலைமயிர் கொட்டிவிட்டது, வெயில் குடித்து உயிர் வாழ்கிறாள், நிழலே விழாத அளவுக்கு மெலிந்துவிட்டாள்” என்று ஒரு பக்கத்துக்கு ஏற்றினேன். உற்சாகத்தில் உரக்க வாசித்தேன். என் வீட்டுக்காரி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சந்தைக்காரிகளுக்கும் ஒங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவளுக வெத்தலையப் போட்டுக்கிட்டுப் பேசுறாளுக. நீங்க பேனாவப் புடிச்சுக்கிட்டுப் பேசுறீக.”

“கதைதான?”

“அவளுக்கு ஒரு அப்பன் இருப்பான்ல? அவன் காதுல விழுந்தா?”

அந்தப் பக்கத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. அதுவே ஒரு வெட்கம். ஆனால் இதற்கு மேல் ஒரு சிட்டிகைகூடக் கூட்டுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

ஆமாம், அவளுக்கு ஓர் அப்பன் இருந்தார். பெயர் தவசி. அவர் காதிலும் விழுந்தது.

6.

தவசி அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்.

(அவர் ஏறியதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். அது அரை மூட்டைதான்.)

தை மாதத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோனால், அது பொங்கல் சீர். தெருவே எழுந்து நின்று பார்க்கும். கொண்டுபோகிறவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். வைகாசியில் அதே அரிசியைக் கொண்டுபோனால், ‘என் பிள்ளைக்கு உன் வீட்டில் சோறில்லை’ என்று வாசலில் நின்று சொல்வதுதான். தவசிக்கு இது தெரியும். சண்டை போட்டால் மகள் பாடு இன்னும் மோசமாகும் என்பதும் தெரியும். மூட்டையை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் வந்தார்.

“என்ன மாமா, மூட்டையோட?” என்று திண்ணையிலிருந்து கேட்ட ஓர் ஆளுக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டைப் பார்த்தார். ஓட்டிலிருந்து கனத்த புகை. அப்படியானால் உள்ளே அடுப்பு எரிகிறது. முற்றத்தைப் பார்த்தார். உச்சி வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டபடி, முகம் கறுத்து, மகள் நிற்கிறாள்.

“ஆத்தா...” என்றார்.

“யப்பா! என்னப்பா திடுதிப்புன்னு? தலையில என்னது?”

மூட்டையை வாசற்படியில் இறக்கினார். அந்தச் சத்தத்தில் மலையம்மாள் புகைக்குள்ளிருந்து கண் சிவந்து, கண்ணீர் வழிய, மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தவசிக்கு அது குற்றமுள்ள நெஞ்சின் அழுகையாகத் தெரிந்தது. (நான் கூட்டவில்லை. ஓலை கூட்டியது.)

“வாங்கண்ணே” என்றாள் வழக்கம்போல. பிறகுதான் மூட்டையைப் பார்த்தாள். “என்னண்ணே இது? பொங்கலுக்கு இன்னும் எம்புட்டு மாசம் கெடக்கு?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. வயல்ல வெளஞ்சது. புள்ளைக்கு... ஒங்களுக்குஞ் சேத்துத்தான்.”

“எங்களுக்குமா?”

எதிர்வீட்டு வாசலில் ரெங்கம்மாள் நின்றாள். அவளுக்குப் பக்கத்து வாசலிலும் ஆள். அதற்கடுத்த வாசலிலும்.

“யாரு என்னண்ணே சொன்னாக ஒங்ககிட்ட?”

“நான் சண்டைக்கு வரல தங்கச்சி. கஷ்டம் எல்லாருக்கும் வாரதுதான். ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா நானே... புள்ளைய வெயில்ல நிறுத்தணுமா?”

“அய்யய்யோ! யப்பா, பேசாதீங்க!” ஜெயக்கொடி பெட்டிக்கு ஓடிக் கண்ணாடியைத் தூக்கினாள். குப்பென்று ஆவி வந்தது. “சோறு இங்க வேகுதுப்பா. இந்தா பாருங்க, இதுதான் அடுப்பு. நானாத்தான் நிக்கிறேன். அது சும்மாப் பொகைப்பா! வெறும் ஓலை. அத்தே ஊருக்காகப் போட்டாக!”

அப்பாவைக் காப்பாற்றக் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. மலையம்மாள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எதிர்வீட்டில் ரெங்கம்மாள் மெல்ல இரட்டைக் கதவில் ஒன்றைச் சாத்தினாள். மற்றதைச் சாத்தவில்லை.

தவசி ஒருமுறை ஆவியைப் பார்த்தார். ஒருமுறை புகையைப் பார்த்தார். விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தலையை நிமிர்த்தவில்லை.

7.

இங்கேதான் இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு முடிவில் சுருளி வந்து சிரித்துப் பேசி எல்லாரையும் சமாதானப்படுத்தினான். ஆனால் அவன் சிம்மக்கல்லில் கடையில் இருக்கிறான். அவனைக் கொண்டுவர டவுன் பஸ்ஸைப் பறக்கவிட வேண்டியிருந்தது. சத்தியம் செய்திருக்கிறேனே.

இன்னொரு முடிவு: “தவசி மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு, வந்த தெருவிலேயே, அதே வாசல்களைத் தாண்டி, அந்த” (எழுத முடியவில்லை. அப்படிப் போகிற மனிதர் அடுத்த தைக்கும் வரமாட்டார். அதற்கடுத்த தைக்கும் வரமாட்டார்.)

மலையம்மாள் மூட்டையை உள்ளே எடுத்துக்கொள்ளட்டும் என்றால், “பாத்தியா, வாங்கிக்கிட்டா” என்று தெரு சொல்லும். இல்லாத பசி அன்றைக்கே அந்த வீட்டுக்குப் பட்டாவாகிவிடும்.

சரி, தவசி உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும், சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பார்த்தேன். சோறு இன்னும் பாதிதான் வெந்திருக்கிறது. விறகடுப்பு என்றால் இன்னொரு கட்டையைத் தள்ளி அவசரப்படுத்தலாம். சூரியனை யார் அவசரப்படுத்துவது? வேகும் வரைக்கும் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன பேசுவார்கள்? நான் பேச்சுக்காரன், எனக்கே ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

அந்த பஸ்ஸுப் பெண்களுக்கு முடிவு தெரியும். அவர்கள் சிரித்தார்கள். இதில் எதற்குச் சிரித்தார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு இப்போது ஆசை இல்லை. அன்றைக்கு அவர்களுக்குப் பின்னால் இறங்கிய அந்த ஒரே ஆளை நினைத்தால் முகம் சுடுகிறது.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். நான் தொட்டால் கூட்டிவிடுவேன். நீங்கள் கூட்டமாட்டீர்கள் என்று நம்புகிறேன். மூட்டை படியிலேயே இருக்கிறது. தவசி தரையைப் பார்க்கிறார். மலையம்மாளின் முந்தானை இறங்கவில்லை. ஜெயக்கொடி ஒருத்திதான் தலை நிமிர்ந்து நிற்கிறாள். தூக்கிய கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, அப்பனையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள். அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்:

“யாராச்சும் ஒரு வார்த்த பேசுங்களேன். தொறந்தே வச்சிருந்தாச் சூடு பூராம் போயிரும்.”