அண்ணன் கொண்டுவந்த பெட்ரோல்

கொட்டகைக் கதவை எட்டி உதைத்துக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தபோது, ஃபிட்டர் வேலை பார்க்கும் தம்பி பழைய குண்டுவீச்சு விமானத்தின் இடது இறக்கையில் உட்கார்ந்து அலுமினியத் தகட்டுக்கு ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். ஒரு கையில் பெட்ரோல் கேன், மறு கையில் கடப்பாரை.

அவர்களுடைய அம்மா சிறுமியாக இருந்தபோது, போரில் இந்த ரக விமானம் போட்ட குண்டில்தான் அவள் கால் போனது. மிஞ்சியிருந்த ஒரே விமானத்தை அருங்காட்சியகத்துக்காகச் சீர்செய்கிற வேலையில் சேர்ந்த ஃபிட்டர், வீட்டில் பஸ் கம்பெனி வேலை என்று புளுகி வைத்திருந்தான். அன்று காலைப் பேப்பரில் விமானத்தோடு அவன் படமும் வந்து, குட்டு உடைந்துவிட்டது.

அண்ணன் முதல் வீச்சிலேயே விமானத்தின் கண்ணாடி மூக்கை நொறுக்கினான். ஃபிட்டர் ஏணியில் சறுக்கியபடி இறங்கி ஓடிவந்தான்.

“அண்ணே, வேணாம்ணே!”

“அம்மா கால எடுத்த சனியனுக்குச் சிங்காரம் பண்றியாடா?”

“இதுதான்னு யாருக்குத் தெரியும்? இந்த மாதிரி நூத்துக்கணக்குல பறந்துச்சு.”

“எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுதான்!”

கடப்பாரை ஃபிட்டரின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. கீழே கிடந்தபடியே கையிலிருந்த சுத்தியலை வீசினான். அண்ணனின் முழங்கால் சில்லு பெயர்ந்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். அண்ணன் அவன் காதைக் கடித்தான். ஃபிட்டர் அவன் மூக்கில் நெற்றியால் முட்டினான். கேன் கவிழ்ந்து தரையெல்லாம் பெட்ரோல். ரத்தம் ஒழுகும் முகத்தோடு அண்ணன் லைட்டரைத் தட்டினான்.

தீ சக்கரத்தில் ஏறி இறக்கையைப் பிடித்தது. அதே வேகத்தில் அண்ணனின் கால்சட்டையையும் பிடித்தது. அவன் அலறிக்கொண்டு உருண்டான்.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒரே ஒரு தீயணைப்பு சிலிண்டர். அதைத் தூக்கிய ஃபிட்டரின் கண் ஒரு கணம் இறக்கைப் பக்கம் போனது. அந்தக் கணத்தை அவன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மேல்தான் அடித்தான், சிலிண்டர் காலியாகும்வரை. பிறகு நல்ல கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வாசலில் ஒரு போலீஸ்காரர்.

“எரிஞ்சுதா?” என்றான் அண்ணன், கட்டுக்குள்ளிருந்து.

“பாதி. அதுக்குள்ள ஃபயர் வண்டி வந்துருச்சு.”

“மிச்சம்?”

“திரும்பக் கட்டிருவேன்.”

“கட்டு. உள்ள போயிட்டு வந்து திரும்பக் கொளுத்துறேன்.”

“வா, பாத்துக்கலாம்.”

நடுவில் நின்ற அம்மா ஊன்றுகோலை ஓங்கி, ஆளுக்கொன்று வைத்தாள். அடிபடாத இடமாகப் பார்த்துத்தான் வைத்தாள்.

“எனக்கு ஒரு காலு போச்சு. அது என்னோட கணக்கு. அத வச்சு நீங்க ரெண்டு பேரும் ஏன்டா சாவுறீங்க?”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பெரியவனின் வெந்த காலை மூடியிருந்த துணியை மெல்ல விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.