மூன்று சுற்று கொசுறு

"நிழல் இருந்தா உங்க வண்டில வர்றேன். இல்லேன்னா தங்கச்சி வண்டில போய்க்கிறேன்" என்று மனைவி சொன்னதும் ஜவுளிக்காரர் தேநீரைப் பாதியில் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் இரண்டு குடும்பமும் ஏரிக்கரைக்குப் புறப்பட வேண்டும். மூன்று நாள் வாசம். ஜவுளிக்காரருக்கு ஒரு கேம்பர் வேன் உண்டு: உள்ளே படுக்கை, அடுப்பு, வெளியே பக்கவாட்டில், உருளையில் சுருண்டிருந்து இழுத்தால் நீளும் துணிப்பந்தல். அந்தத் துணிதான் போன பயணத்தில் கிழிந்து தொங்கியது. கிழிசல் வழியாக இறங்கிய வெயில் மனைவியின் ஒரு கன்னத்தை மட்டும் பதம் பார்த்துவிட்டது.

"ஒரு வாரம் பாதி மூஞ்சி வேற யாருதோ மாதிரி திரிஞ்சேன். ஜவுளிக்கடைக்காரர் பொண்டாட்டிக்கு மேல போட ஒரு துணியில்லேன்னு ஊரே சிரிச்சுது."

அவள் வராவிட்டாலும் வண்டி ஓடும்தான். ஆனால் முன்னால் போகும் சகலை வண்டியின் பின் கண்ணாடியில் அவள் உட்கார்ந்து கையாட்ட, பின்னால் இவர் தனியாக ஓட்டிக்கொண்டு போவதா? அதுவும் யார் வண்டி? மனைவியின் தங்கையைக் கட்டியவர், தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். குடும்பத்தில் அவருக்கு 'லிஃப்டு' என்றே பெயர். அவருடைய பந்தல் பொத்தானை அழுத்தினால் விரியும். பொத்தானே இல்லாமல் வாய் விரியும்.

"சாயங்காலத்துக்குள்ள நிழல் ரெடி" என்றார் ஜவுளிக்காரர்.

துணிக்குப் பஞ்சமா? கடையில் பச்சைக் கோடு போட்ட கித்தான் இருந்தது. அளந்து, கிழித்து, இரண்டு விளிம்பிலும் கயிறு வைத்துத் தைத்து வாங்கி வந்தாயிற்று. மனைவி செய்முறைத் தாளை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள்.

"மூணு பேர் வேணுமாம். லிஃப்டு தம்பியைக் கூப்பிடட்டுமா?"

"அவனைக் கூப்பிட்டா சாகுற வரைக்கும் 'நான் போட்ட பந்தல்'னு சொல்லுவான்."

"அப்ப மூணாவது ஆளு?"

"ஏணி."

அன்று வாயைத் திறக்காமல் வேலை பார்த்த ஒரே ஆள் அந்த ஏணிதான். உருளையின் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டு அது நின்றது. பழைய துணி உருவியதும் வந்துவிட்டது. புதியது அடம் பிடித்தது. உருளையில் நீளவாக்கில் ஒரு பள்ளம். கயிறு வைத்த விளிம்பு அதற்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு முழம் போனது, அப்புறம் மாப்பிள்ளை முறுக்கில் நின்றுவிட்டது. ஜவுளிக்காரர் இழுத்தார், திட்டினார், தன் கடைத் துணியையே மட்டம் என்றார்.

"தள்ளுங்க. பாவாடைக்கு நாடா கோத்திருக்கீங்களா?"

"விப்பேன். கோக்க மாட்டேன்."

அவள் துணியின் மூலையில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, பள்ளத்தில் சோப்பைத் தேய்த்து, மறுமுனையில் நின்று இழுத்தாள். கித்தான் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது. மற்ற விளிம்பை வண்டிச் சுவரின் உச்சியில் இருந்த பள்ளத்தில் கோத்ததும் அப்படியே.

மிச்சம் இருந்தது உருளைக்குள் இருக்கும் சுருள்வில். அதை முறுக்கினால்தான் பந்தல் தானாகச் சுருளும்.

"பதினாறு சுத்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு" என்றாள்.

ஜவுளிக்காரர் ஸ்பேனரால் முறுக்கினார். பதினாலு, பதினஞ்சு, பதினாறு. மூளை நிறுத்தச் சொன்னது. கை கேட்கவில்லை. ஐந்து மீட்டர் கேட்டவருக்கு ஐந்துக்கு மேல் நாலு விரற்கடை விட்டுக் கிழித்தே பழகிய கை அது. சரியான அளவோடு நிறுத்தினால் அரிப்பெடுக்கும்.

"கொசுறு" என்று முணுமுணுத்து இன்னும் மூன்று சுற்று சுற்றி, ஆணி செருகிப் பூட்டினார்.

"என்னமோ சொன்னீங்களே?"

"காத்து."

ஐந்து மணிக்குச் சாமான் ஏற்ற லிஃப்டும் தங்கையும் வந்தார்கள். ஜவுளிக்காரர் கல்லாவில் உட்காரும் தோரணையில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"சகல, நீங்களே அந்த வாரைப் பிடிச்சு இழுங்க. பொத்தான் கித்தான் எல்லாம் கிடையாது. சுத்தமான கைவேலை."

லிஃப்டு இழுத்தார். பந்தல் நீண்டது; அதைச் சுருளவிடாமல் பிடிக்கும் கொக்கி மாட்டிக்கொண்டது. பச்சைக் கோடுகளுக்குக் கீழே தங்கையின் முகமே குளிர்ந்துவிட்டது. "மாமா, அள்ளுது!" என்றாள். மனைவியும் தலையாட்டினாள். ஜவுளிக்காரர் உயரத்தில் ஓர் அங்குலம் கூடினார்.

"கொக்கி ரொம்ப விறைப்பா நிக்குதே" என்று லிஃப்டு இடது கையால் கொக்கியைத் தட்டினார். வலது கை இன்னும் வாரில் இருந்தது.

படீர்.

வீட்டு ஞாபகம் வந்த மாடு போலப் பந்தல் சுருண்டு ஓடியது. வாரை விடத் தோன்றாத லிஃப்டும் கூடவே நாலு எட்டு ஓடி, வண்டிச் சுவரில் மூக்கு அழுந்த, கால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையில் பட, வாரில் தொங்கினார். அவர் தலையில் இருந்த தொப்பியைப் பந்தல் சுருட்டி விழுங்கிவிட்டது.

"அக்கா, இவருக்கே லிஃப்டு!" என்று தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்டு இறங்கி மூக்கைத் தடவினார். "அண்ணே, எத்தனை சுத்து வச்சீங்க?"

"பதினாறு."

"பதினாறும் காத்தும்" என்றாள் மனைவி. "நிக்காத நிழலெல்லாம் நிழல்ல சேர்த்தி இல்ல. நான் என் பையை எடுத்துட்டு வர்றேன்."

வில்லை முறுக்குவது சுலபம்; முறுக்கியதைத் தளர்த்தும்போது ஸ்பேனரோடு கையும் சுழன்றுவிடும். ஏணியை நம்பிச் செய்கிற வேலையில்லை. கொடுத்த கொசுறைத் திரும்பக் கேட்ட வரலாறு ஜவுளிக்காரர் கடையில் கிடையாது.

"சகல... மூணு கூட வச்சுட்டேன். கொஞ்சம் பிடிங்க."

"மூணையும் எடுத்துரணும்."

"ஒண்ணு எடுங்க, பார்க்கலாம்."

"அண்ணே, இது வில்லு. வியாபாரம் இல்ல."

"சரி, உங்களுக்காக ரெண்டு."

"மூணு."

"ரெண்டரை. அதுக்கு மேல கட்டுபடியாகாது."

லிஃப்டு இரும்புப் பிடியாக உருளையைப் பிடிக்க, மனைவி ஆணியை உருவ, இவர் ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினார். இரண்டரை தாண்டியதும் லிஃப்டு கண்ணை மட்டும் உருட்டினார். ஜவுளிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச அரைச் சுற்றையும் விட்டார். பந்தலை இழுத்தார்கள். நின்றது. கொக்கியைத் தட்டினார்கள். மரியாதையாகச் சுருண்டது. தொப்பியும் நசுங்கித் திரும்பி வந்தது.

காலையில் மனைவியின் பை இவர் வண்டியில்தான் ஏறியது. ஜவுளிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு ஓட்டும் இருக்கைக்குப் போனார். அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கை, மடியில் முறுக்கு டப்பா.

"நான் எங்கே உட்கார்றது?"

"நிழல் இருந்தா உங்க வண்டில வர்றேன்னேன். வந்துட்டேன். நீங்களும் கூட வரணும்னு எங்கே சொன்னேன்? அக்கா தங்கச்சி பேச ஒரு மாசத்துப் பாக்கி இருக்கு." சாவியைத் திருகினாள்.

வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவர், ஓரமாக விலகி வண்டிக்கு வழி விட்டார்.

வண்டி நகர்ந்தபோது அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "தம்பியை உங்களுக்குக் கொசுறா குடுத்திருக்கேன். திருப்பித் தரக் கூடாது!"

அடுத்த வண்டியில், நசுங்கிய தொப்பியோடு லிஃப்டு கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்கண்ணே. அந்தப் பந்தலை நான் எப்படிப் போட்டேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வர்றேன்."