எழுந்து நின்றவர்கள்

சங்கம் பிறந்தது பட்டன்கார அக்காவின் கடையில்தான். கடை என்றால் தையல் பட்டறைகள் நிறைந்த தெருவில் ஒரே ஓர் அறை. முன்பாதியில் பட்டன், ஜிப், நூல்கண்டு. பின்பாதியில் ஒரு மரப்பெஞ்சு. கூலிக்குத் தைத்தவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். வங்கியில் அவர்களை வாசல்படி ஏறவிடாத காலம் அது. அக்காவின் புருஷன் முதல் தலைவர். முதல் உறுப்பினர் அக்கா.

பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கடன் கேட்பவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உள்ளே தலைவர், "இவருக்கு யார் நிக்கிறீங்க?" என்று கேட்பார். நம்புகிறவர்கள் எழுந்து நிற்பார்கள். மூன்று பேர் நின்றால் கடன். வாங்கியவர் கட்டாவிட்டால் நின்றவர்கள் தலையில் விடியும்.

முதல் கடன் இஸ்திரிக்காரருக்கு. பெஞ்சின் ஒரு கோடியில் இருந்த மூவரும் சேர்ந்தாற்போல் எழ, மறுகோடியில் இருந்த காஜா எடுப்பவர் பெஞ்சோடு சாய்ந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். வெளியே நின்ற இஸ்திரிக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டே கடன் கிடைத்துவிட்டதென்று துள்ளினார். "அடுத்தவன் பல்லு போனாத்தான் நம்ம சங்கத்துல கடன்" என்று தெருவே சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தது அக்கா.

பிறகு சங்கம் வளர்ந்தது. ஓட்டுநர்கள் சேர்ந்தார்கள், ஆசிரியர்கள் சேர்ந்தார்கள், அலுவலகக்காரர்கள் சேர்ந்தார்கள். சம்பளச் சீட்டும் ஜாமீன் பத்திரமும் வந்தன. வாடகை மாடி போய்ச் சொந்த மாடி, அதுவும் போய் லிஃப்ட் வைத்த கட்டடம். அக்காவின் புருஷன் இறந்த பின் கொழுந்தன் செயலாளர் ஆனார். வேலைவெட்டி இல்லாமல் சுற்றிய நாளில் அவர் ஒரு பழைய ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டபோது முதல் ஆளாக எழுந்தது அக்காதான். பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் அந்த வழக்கத்தை இன்னும் விட்டுவைத்திருந்தார்கள். விளம்பரத்தில் போட அழகாக இருந்தது.

இப்போது அக்காவுக்கே கடன் வேண்டியிருந்தது. கடை இருக்கும் அறையின் சொந்தக்காரர் அதை விற்கிறார். வாங்காவிட்டால் அக்காவுக்குக் கடையும் இல்லை, பிழைப்பும் இல்லை. வளையல்களை விற்று அட்வான்சுக்கு மட்டும் தேற்றிவிட்டாள். சங்கக் கூட்டம் நடந்த அன்று புரோக்கர் அவளோடு கட்டடத்துக்கே வந்து கீழே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்குக்கா. இன்னைக்கு அட்வான்ஸ் கைக்கு வரலன்னா நான் அந்தப் பக்கம் போயிருவேன்."

"குடுக்கறேன். மேல ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கிட்டு வந்துடறேன்."

"குடுத்தப்புறம் மீதி வரலன்னா அட்வான்ஸ் திரும்பாது. அப்புறம் எங்கிட்ட அழக்கூடாது."

"அழுது வாங்கற பழக்கம் எனக்கில்ல தம்பி."

மாடியில் கூட்ட அறைக்கு வெளியே நின்று அவளே கதவைச் சாத்தினாள். உள்ளே பேச்சு மங்கலாகக் கேட்டது. யாரோ இருமினார்கள். சட்டென்று நாற்காலிகள் தரையில் கிரீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தன. ஒன்று இரண்டல்ல, அத்தனை நாற்காலியும்.

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று பேர் போதும், எல்லோருமே நின்றுவிட்டார்களே. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்ப் பணத்தைப் புரோக்கர் கையில் கொடுத்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மூச்சிரைக்க மேலே வந்து கதவைத் திறந்தாள். எல்லோரும் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரே கேமராவோடு ஒருவன்.

"வாங்க அண்ணி, சரியான நேரம்" என்றார் கொழுந்தன். "ஆண்டு மலருக்குப் போட்டோ. நடுவுல வந்து நில்லுங்க."

அக்கா நின்றாள். ஒளி பளிச்சென்று அடித்தது.

"என் விஷயம்?"

"இனிமேத்தான் எடுக்கணும்."

"எல்லாரும் எனக்கு நின்னீங்கல்ல?"

அறை சிரித்தது. "போட்டோவுக்கு நின்னோம் தங்கச்சி" என்றார் இஸ்திரிக்காரர். இப்போது அவர் துணைத் தலைவர். "உக்காந்து எடுத்தா தொந்தி தெரியுதாம்."

"அட்வான்ஸ் குடுத்துட்டேன் அண்ணே."

சிரிப்பு நின்றது. கொழுந்தன் அவளை வெளியே போகச் சொன்னார்.

"போகல. எம்முன்னாலயே கேளுங்க."

எல்லோரும் நாற்காலிகளுக்குத் திரும்பி உட்கார்ந்தார்கள். இப்போதைய தலைவர் பள்ளிக்கூடம் ஒன்று நடத்துபவர்; அக்காவை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். மேஜையைப் பார்த்தபடி கேட்டார். "இவங்களுக்கு யார் நிக்கிறீங்க?"

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் கைபேசியை எடுத்தார். இஸ்திரிக்காரர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். அக்கா அவரையே பார்த்தாள். அவர் காலை ஒருமுறை உதறினார்.

"மரத்துப்போச்சு" என்று சொல்லி உட்கார்ந்தார்.

கொழுந்தன் அவளை நடைக்கு அழைத்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்படியும் தெரியப்போகுது அண்ணி. அந்த இன்னொரு பார்ட்டி நாமதான். சங்கம் பிறந்த இடத்துலயே புதுக் கிளை. உங்க அட்வான்ஸ் ஓனர்கிட்டயே நின்னுடும், அப்படி நின்னா அதைக் கழிச்சுக்கிட்டு நமக்குக் குறைச்சுத் தர்றதா முன்னாடியே சொல்லியிருக்கார்."

"என் காசைப் போட்டு என் கடையை வாங்கறீங்க."

"நாங்க குடுக்கச் சொல்லலியே. நீங்களா குடுத்தீங்க."

"ஒரு ஓரமா வாடகைக்காவது இருந்துக்கறேன் தம்பி."

"கமிட்டிய கேக்கணும். மறுபடி யாராவது நிக்கணுமே" என்றவர், போகத் திரும்பி, ஏதோ ஞாபகம் வந்தவராய் நின்றார். "காலி பண்றப்ப அந்தப் பட்டன் அலமாரிய மட்டும் விட்டுட்டுப் போங்க. வாசல்ல வெச்சா பழைய களை இருக்கும்னு தலைவர் ஆசைப்படறார்."

மாசக் கடைசியில் அக்கா கடையை ஒழித்தாள். அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிய ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு துணித்துண்டை ஒட்டி, அதில் மாதிரிக்கு ஒரு பட்டனைத் தைத்திருந்தாள். வெளியே சங்கத்தின் ஆள் சாவிக்காக நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரங்க்கா?"

"அலமாரிய விட்டுட்டுப் போகணும்ல. அதான் வேலையா இருக்கேன்."

பிளேடை எடுத்து, மேல் வரிசையில் தொடங்கி, மாதிரிப் பட்டன்களை ஒவ்வொன்றாக அறுத்து மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். இறுக இழுத்துத் தைத்த தையல். எதுவும் லேசில் வரவில்லை.