மூன்றாம் படுக்கை

வகுப்பறைக்கு வெளியே இருந்த காபி இயந்திரம் கீச்கீச்சென்று கத்தியது. சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அந்த மாதிரிச் சத்தத்துக்கு அவளிடம் ஒரே அர்த்தம்தான். யாருக்கோ ஏறிக்கொண்டிருந்த மருந்து தீர்ந்துவிட்டது, ஓடு. கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் இது வார்டு இல்லை, கடல் தாண்டி அவள் படிக்க வந்த பல்கலைக்கழகம் என்பது உறைத்தது. மூன்று வாரக் கோடைப் பள்ளி. நாற்பத்தாறு வயதில் அவள் மாணவி.

பேராசிரியை பேச்சை நிறுத்தி, "நோயாளி நலமா?" என்று கேட்டார். இந்த வாரத்தில் நான்காவது முறை. முப்பது பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கு ஒத்துவரவே இல்லை. வார்டில் சிஸ்டர் உட்கார்ந்தால் ஏதோ விபரீதம் என்று நோயாளிகளே பயப்படுவார்கள். இங்கே நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது.

மடியில் இருந்த பைக்குள் ஒரு படிவம். திங்கட்கிழமை பேராசிரியை கூப்பிட்டுக் கொடுத்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே பராமரிப்பது பற்றி ஒரு வருடப் படிப்பு, இரண்டு மாதத்தில் தொடங்குகிறது, செலவு பல்கலைக்கழகத்துடையது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் இரண்டாம் மாடி அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். அன்று மாலையே அவள் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

தங்கியிருந்த அறை, விடுமுறைக்குப் போன யாரோ ஒரு மாணவியுடையது. சுவரில் படங்களைக் கிழித்தெடுத்த பசைத் தடங்கள், கட்டிலுக்கு அடியில் ஒற்றைக் காலுறை. திரை இல்லாத ஜன்னலுக்குக் கீழே சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அந்தக் காலுறையின் ஜோடி எந்த ஊரில், எந்தப் பெட்டியில் இருக்கும் என்று அவள் சில காலைகளில் யோசித்துக்கொண்டிருப்பாள். ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். தன் கட்டிலையும், அறைத் தோழி குளிக்கப் போனதும் அவள் கட்டிலையும் விரித்து, ஜன்னல் விளிம்பைத் துடைத்து, நடைபாதையின் கடைசி வரை நடந்து திரும்புவாள். இருபத்தெட்டுக் கதவுகள். திரும்பி வரும்போதும் இருபத்தெட்டுதான்.

"அக்கா, நேத்து போர்வைக்குள்ள காலை விடவே முடியல," என்றாள் அறைத் தோழி. அவள் ஒரு நூலகர், வேறொரு துறையில் படிக்க வந்தவள். "கவருக்குள்ள போட்ட கடுதாசி மாதிரி படுத்திருந்தேன். இவ்வளவு இறுக்கமாவா சொருகுவீங்க?"

"நோயாளி உருண்டு விழக்கூடாதில்ல?"

"நான் நோயாளி இல்லக்கா. சோம்பேறி."

முதல் இரண்டு வாரம் வீட்டிலிருந்து அழைப்புகள் மழையாகக் கொட்டின. மாமனாரின் பிரஷர் மாத்திரை வெள்ளையா ரோஸா என்று கணவர் கேட்பார். மாமாவே போனை வாங்கி, "இவன் என்னைக் கொல்லப் பாக்கறாம்மா, ரெண்டையும் தர்றான்," என்பார். "ம்மா, என் நீல துப்பட்டா எங்க?" என்று மகள் நடுவில் கத்துவாள். கிளம்புமுன் அவள் அலமாரிக் கதவுகளின் உட்புறமெல்லாம் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒருவரும் படிக்கவில்லை. "உங்களை வச்சுக்கிட்டு," என்று அலுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பதில் சொல்வாள். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கால்கள் அமைதியாக இருக்கும்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அழைப்பு வரவில்லை. புதனும் வரவில்லை. அவள்தான் கூப்பிட்டாள்.

"எல்லாம் ஓகேம்மா," என்றாள் மகள். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். "நீ படி."

"தாத்தாவுக்கு மாத்திரை?"

"குடுத்தாச்சு. மருந்து டப்பாவை அப்பா ஹாலுக்கு மாத்திட்டார். சமையல்கட்டுல இருந்தா யாருக்கும் ஞாபகம் வரல. இப்ப டிவி பக்கத்துலயே இருக்கு. தாத்தாவே எடுத்துப் போட்டுக்கறார்."

"என்னைக் கேக்காமலா மாத்தினீங்க?"

"டப்பாதானேம்மா, இடம் மாறினா என்ன?"

போனை வைத்துவிட்டு இருபத்தெட்டுக் கதவுகளையும் இரண்டு தடவை எண்ணினாள். ஒன்பது வருடமாக அந்த டப்பா அடுப்புக்கு மேல் தட்டில்தான் இருந்தது. அது அவள் வைத்த இடம்.

வியாழன் மாலை படிவத்தை மேசைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நூலகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"டிக்டிக்னு உயிரை வாங்குது அந்தப் பேனா. போடுங்க, இல்ல கிழிங்க. வீட்டுல ஒத்துக்க மாட்டாங்களா?"

"தெரியல. சொல்லலையே."

"நீங்க இல்லாம கஷ்டப்படுவாங்களா?"

சிஸ்டர் ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி ஜன்னலுக்கே போனாள். "படமாட்டாங்க. அதான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அன்று தூக்கம் விட்டுவிட்டு வந்தது. விடியும்போது வார்டின் நினைவு வந்தது. அங்கே அவள் கண்டிப்பாக வைத்திருந்த ஒரே சட்டம் ஓவர் கொடுப்பது. டூட்டி முடிப்பவள் அடுத்து வருபவளைப் படுக்கை படுக்கையாகக் கூட்டிப்போய், யாருக்கு என்ன, எப்போது என்று சொல்ல வேண்டும். வந்தவள் ஒவ்வொரு படுக்கைக்கும் வாய்விட்டு 'எடுத்துக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை பழையவள் வாசலைத் தாண்டக்கூடாது. சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு பெண்ணை அவள் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். "காகிதம் எடுத்துக்கிட்டேன்னு சொல்லுமாடி?" என்று வார்டே கேட்கும்படி திட்டியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள்தான் வீடு முழுக்கச் சீட்டு ஒட்டிவிட்டு விமானம் ஏறியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி. காலை வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் அறைக்குத் திரும்பி, வெளி நடைபாதையில் நடந்துகொண்டே கணவரைக் கூப்பிட்டாள். அங்கே மாலை, கடையில் கூட்டம் வருகிற நேரம். கணவர் கண்ணாடிக் கடைக்காரர், கண் பரிசோதனையும் அவரே செய்வார்.

"சொல்லும்மா. கடையில ஆளு இருக்கு. சார், நீங்க மேல் வரியிலேர்ந்து படிங்க."

பின்னால் யாரோ எழுத்துகளை உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"ஏங்க, நான் ஓவர் குடுக்கணும்."

"என்ன குடுக்கணும்?"

"வார்டுல குடுப்போமே, அது. மூணு பெட்டு. நான் சொல்லச் சொல்ல நீங்க எடுத்துக்கிட்டேன்னு சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமை வரப்போறே. இப்ப எதுக்கு?"

"வருவேன். ரெண்டு மாசம் இருப்பேன். அப்புறம் திரும்ப இங்க வரணும். ஒரு வருஷம் படிக்கச் சொல்லித் திங்கக்கிழமை கூப்பிட்டாங்க. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

அந்தப் பக்கம் வாடிக்கையாளரின் குரல் மட்டும் கேட்டது. மூன்றாவது வரியை முடித்து நான்காவதுக்கு வந்திருந்தார். சிஸ்டர் நடையை வேகப்படுத்தினாள். பதினேழாவது கதவு, பதினெட்டு.

"திங்கக்கிழமையிலேர்ந்தே தெரியுமா?"

"ஆமா."

"நாலு நாளா வாயில கொழுக்கட்டையா?"

"ஆமாங்க."

"இங்க நான் ரெண்டு பேரையும் மிரட்டி வச்சிருக்கேன், அம்மா படிக்கிறா, யாரும் போன் பண்ணக்கூடாதுன்னு." அவர் பெருமூச்சு விட்டது போனில் கரகரத்தது. "சார், அடுத்த வரி." பிறகு, "சரி. ஒண்ணாம் பெட்டைச் சொல்லு," என்றார்.

அவள் நின்றாள்.

"ஒண்ணாம் பெட்டு, உங்கப்பா. எழுபத்தெட்டு வயசு. காலையில ரோஸ், ராத்திரி வெள்ளை. மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுத் துப்புவார். டிவி பக்கத்துல டப்பா இருந்தாலும், முழுங்கறாரான்னு நின்னு பாக்கணும்."

"அடப்பாவி! செடித் தொட்டியில ரோஸா என்னமோ கிடந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

"ரெண்டாம் பெட்டு, உங்க பொண்ணு. பரீட்சைக்கு முந்தின நாள் வயித்துவலின்னு அழுவா. வலி நிஜம்தான், நடிக்கிறான்னு சொல்லிடாதீங்க. பக்கத்துல உக்காந்தா போதும், பேசக்கூடாது."

"பேசாம உக்காரணுமா? நானா?" என்றார். பிறகு, "எடுத்துக்கிட்டேன்."

"மூணாம் பெட்டு." வார்டில் பேசும் குரலையே வரவழைத்துக்கொண்டாள். "அம்பது வயசு. சுகர் பார்டர்ல. கோபம் வந்தா சாப்பிட மாட்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுவார், தான் மட்டும் கண்ணாடியைக் கழட்டாமலே தூங்கிடுவார். யாராவது எடுத்து மேசையில வைக்கணும்."

"சார், கடைசி வரி தெரியல," என்றார் வாடிக்கையாளர்.

"பரவாயில்ல சார், அது யாருக்கும் சீக்கிரம் தெரியாது," என்றார் கணவர். பிறகு போனுக்குள் தாழ்ந்த குரலில், "அந்தப் பெட்டை எடுத்துக்க ஆளில்லையே. டிஸ்சார்ஜ் எழுதிடேன்," என்றார்.

"டிஸ்சார்ஜ் டாக்டர்தான் எழுதணும். நான் எழுத முடியாது."

"கறாரான சிஸ்டர்தான்."

அவள் காத்திருந்தாள். எடுத்துக்கொள்கிறவள் வாய் திறக்கும்வரை வார்டில் எத்தனையோ முறை இப்படி நின்றிருக்கிறாள். அவசரப்படுத்தக்கூடாது, அதுவும் சட்டம்தான்.

"சரி," என்றார் கடைசியில். "நானே எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கறேன் இல்ல."

"எடுத்துக்கிட்டேன் தாயே, எடுத்துக்கிட்டேன்! போய்க் கையெழுத்தைப் போடு. சார், நீங்க இறங்கிடாதீங்க, இன்னொரு கண்ணு பாக்கி."

அப்போதும் உடனே போகவில்லை. மதிய வகுப்பு முடியும்வரை படிவம் பைக்குள்ளேயே இருந்தது. கை கழுவினாள். படிக்கட்டில் பாதி ஏறிப் பைக்குள் படிவம் இருக்கிறதா என்று பார்த்தாள். இறங்கி வந்து மறுபடி கை கழுவினாள். இரண்டாம் மாடி அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தன் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சிஸ்டர் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள், தேதி எழுதினாள், பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதினாள். மூன்று ஐம்பத்திரண்டு.

குமாஸ்தா தாளைத் திருப்பிப் பார்த்தார். "நேரம் தேவையில்லையே," என்றார்.

"தேவை," என்றாள் சிஸ்டர்.

அவர் தோளைக் குலுக்கி முத்திரை குத்தினார். உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார், ரசீது அச்சாக இரண்டு நிமிடம் ஆகுமாம். அவள் நன்றி சொல்லிவிட்டு அந்த நாற்காலியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.