வர்றேன்னா?

சாவியைத் திருப்பினால் வேன் எஞ்சின் கரகரவென்று சுற்றியதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டான். மகளும் அவள் அம்மாவும் இன்று சாயந்திர ரயிலில் ஊரைவிட்டே போகிறார்கள். அதற்குள் போய் முகத்தைக் காட்டாவிட்டால் இனி எப்போது என்று யாருக்கும் தெரியாது. போன வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டு, சவாரி கிடைத்ததும் அந்தப் பக்கம் போய்விட்டவன்தான். இன்றைக்கென்று பார்த்து வண்டி காலை வாருகிறது.

"பேட்டரியக் கொன்னுடாத," என்றாள் அவன் அக்கா. மெக்கானிக் ஷெட் அவளுடையது. கிரீஸ் படாதது அவள் குரல் மட்டும்தான். "கேம் ஷாஃப்ட் முனையில இருக்கிற பல்லுத் தகட நேத்து மாட்டினது யாரு?"

"நான்தான். நீ போன்ல பேசிட்டிருந்தியே, சும்மா நிக்க வேணாமேன்னு..."

"அரைச் சுத்து தள்ளி மாட்டித் தொலைச்சிருக்க." ஸ்பேனரைத் தேடிக்கொண்டே சொன்னாள். "பிஸ்டன் ரெண்டு தடவ மேல வரும்டா. ஒண்ணு நெருப்பு வாங்க, இன்னொண்ணு புகையத் தள்ளிட்டுப் போக. பிஸ்டன் மேல வர்றதப் பாக்குற கிராங்கு சென்சார் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இது எந்த வரவுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இந்தத் தகடு. இப்ப புகை போற நேரத்துல நெருப்பு வெக்குது."

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். அக்கா ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுவதைப் பார்க்கையில் தன் அவசரத்தின்மேலேயே எரிச்சல் வந்தது. போன் அடித்தது. மகள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"அத்தை ஷெட்டுல. வர்றேன்மா."

"வர்றேன்னா வர்றீங்களா? இல்ல, போன வெக்கிறீங்களா?"

பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்றும் வாசலில் நின்று 'வர்றேன்' என்ற இதே சொல்லைத்தான் அவளிடம் சொன்னான். சாப்பிடாமல் காத்திருந்தாளாம், பிறகு கேள்விப்பட்டான்.

அக்கா தகட்டை அரைச் சுற்று திருப்பி மாட்டி, கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு, "இப்ப அடி," என்றாள்.

"வெச்சிடாதம்மா. கேட்டுக்கிட்டே இரு," என்று போனை டேஷ்போர்டின்மேல் வைத்துச் சாவியைத் திருப்பினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. அந்த இரைச்சலில் மறுமுனையில் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. வேன் ஷெட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிய பிறகும், போன் திரையில் அழைப்பின் நொடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.